அறிவுரை கூறி அனுப்பப்பட்டார்

"நான் எழுதிக் குடுத்துட்டேன் சார். நீங்க என்னைக் கூப்பிட்டதுக்கு எனக்கும் ஒரு தாள் குடுங்க" என்று அவர் கேட்டார். "தாளெல்லாம் எதுக்கு தம்பி, உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று நான் பதில் சொன்னேன். 2022 ஆகஸ்டு மாதத்தில் ஒரு பிற்பகல் நடந்த பேச்சு அத்துடன் முடிந்துவிட்டது. அவர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிப் போனார். அன்று மாலை தினசரி அறிக்கையில் அவருடைய பெயருக்கு நேரே இருந்த நடவடிக்கைக் கட்டத்தில் "அறிவுரை கூறி அனுப்பப்பட்டார்" என்று நிரப்பினேன். காவல்துறையில் சமூக ஊடகப் பதிவுகளைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையில் இருந்த நான் எத்தனையோ கோப்புகளில் எழுதிய வாக்கியம்தான் அது. அன்றைக்கு மட்டும் அது ஏன் உறுத்தத் தொடங்கியது என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. முழுதாக இப்போதும் விளங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு 24 வயது. ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர். அவருடைய ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய் மூன்று வாரங்களுக்கு மேலாகியும் யாரும் வந்து பார்க்கவில்லை என்றும், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று என்றும், பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கிப் போகிறார்கள் என்றும் முகநூலில் எழுதியிருந்தார். காலிக் குடங்கள் வரிசையாக நின்ற ஒரு படமும் இருந்தது. கடைசி வரி இதுதான்: "இனி ரோட்டுக்கு வந்தால்தான் தண்ணீர் வரும் போலிருக்கிறது."

அதை நான் இப்படிச் சுருக்கி எழுதினேன்: "குடிநீர்ப் பிரச்சினை தொடர்பாகச் சாலை மறியலுக்குத் தூண்டும் வகையில் பதிவு." அந்தச் சுருக்கத்தில் மோட்டார் இல்லை, மனு இல்லை, "போலிருக்கிறது" இல்லை. வாருங்கள் என்று அவர் யாரையும் அழைக்கவில்லை. நாளோ நேரமோ இடமோ குறிப்பிடவில்லை. "வந்தால்தான் வரும் போலிருக்கிறது" என்பது சலித்துப் போன மனிதர் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற பேச்சு. என் அப்பா மின்வாரிய அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தால் இதே தொனியில்தான் பேசுவார். தமிழ் தெரிந்த எவருக்கும் இந்த வேறுபாடு தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் அந்தக் கட்டத்தில் தூண்டல் என்ற சொல்லைத்தான் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, அந்தப் பதிலும் பொய்யானதன்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஜூலை 17 அன்று, சின்னசேலம் பக்கத்தில் கனியாமூரில் பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டுத் தொடங்கிய போராட்டத்துக்கு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக எங்கெங்கிருந்தோ ஆட்கள் திரண்டு வந்ததை யாரும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது; மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மாற்றப்பட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக ஊடகத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களின் மனதில் ஒரே ஓர் அச்சம்தான் இருந்தது: நாளை ஏதாவது நடந்து, அதற்கான பதிவு முந்திய நாள் என் திரையில் இருந்து, நான் அதை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? எழுதியதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை, எழுதாமல் விட்டதற்காக மெமோ வரும். இப்படியான வேலையில் சொற்கள் தாமாகவே கனத்துப் போகின்றன. "சலிப்புடன் எழுதியுள்ளார்" என்று ஓர் அறிக்கையில் எழுத முடியாது. அப்படி எழுதினால், பிறகு எதற்காக இதை அனுப்பினாய் என்ற கேள்வி வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார்கள் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டு, 65 வயதுப் பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். கொன்றவர்களின் கைப்பேசிகளில் அதற்கு முன்பே பல நாட்களாக வதந்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக வேறு சம்பவங்களின் காட்சிகளைப் பரப்பியபோது, இரவு பகலாக உட்கார்ந்து ஒவ்வொன்றும் எங்கே எடுக்கப்பட்டது என்று தேடிக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன். அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு காணொளி வெளியிட்டு அவற்றை மறுத்தார். ரயில் நிலையங்களில் மூட்டையுடன் காத்திருந்தவர்களில் சிலராவது அதைக் கேட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆகையால் இந்த வேலையே கூடாது என்று சொல்பவர்களுடன் என்னால் சேர முடியவில்லை. ஆனால் வதந்தியைத் தேடுவதற்குப் பயன்பட்ட அதே கண்ணும் அதே படிவமும்தான் மோட்டார் எரிந்த ஊரின் இளைஞரையும் பிடித்தன. இரண்டுக்கும் ஒரே பெயர்ப் பட்டியல், ஒரே கட்டங்கள்.

காலை ஏழு மணிக்குள் அறிக்கை மேலே போய்விடும். பதிவின் சுட்டியும் அதில் இருக்கும், ஆனால் அதை யாரும் திறப்பதில்லை. திறக்க நேரமும் இல்லை. மேலே இருப்பவர்கள் படிப்பது என் சுருக்கத்தை. அது இரண்டு மேசைகளைத் தாண்டுவதற்குள் "தூண்டும் வகையில்" என்பது "தூண்டினார்" என்று ஆகிவிட்டது. நண்பகலுக்கு முன்பே அவருடைய வீட்டுக்கு ஒரு காவலர் போய், ஐயா பார்க்கணும்னு சொல்றார் என்று அழைத்து வந்தார். சீருடையில் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்பது ஒரு சிற்றூரில் என்னவாகப் பேசப்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறையில் யாரும் அவரை மிரட்டவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் அமைதியானவர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். பதிவின் அச்சுப்பிரதியை நான்தான் மேசையில் வைத்தேன். அந்த இளைஞர் அதை எடுத்து முழுவதும் படித்துவிட்டு, "இதுல எந்த வரி சார் தப்பு?" என்று கேட்டார். அது எதிர்த்துக் கேட்ட கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. விடைத்தாளில் மதிப்பெண் குறைந்த மாணவர் ஆசிரியரிடம் கேட்பது போலத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், ஏனென்றால் அதில் தப்பு இருப்பதாக எழுதியவன் நான். நான் சொன்னது இது: "தப்புன்னு சொல்லலை தம்பி. குரூப் 4 எழுதியிருக்கே. நாளைக்கு வெரிஃபிகேஷன் வரும். அப்ப இதெல்லாம் உனக்குத் தேவையா?"

இதை அறிவுரை என்றுதான் நான் நினைத்தேன். வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை, வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற அக்கறை எனக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் அவருடைய நன்னடத்தையைச் சரிபார்த்து எழுதப் போகும் துறையைச் சேர்ந்த ஒருவர், அந்தத் துறையின் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் அதைச் சொன்னால், கேட்பவரின் காதில் அது எப்படி விழும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது, ஏனென்றால் அந்த வாக்கியம் வேலை செய்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் முன்னாலேயே பதிவை அழித்தார். "இனி இதுபோன்ற பதிவுகளை வெளியிட மாட்டேன்" என்று சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் தாளைக் கேட்டார்.

அவர் கேட்டது எவ்வளவு நியாயமானது என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. புலன்விசாரணைக்காகச் சாட்சி ஒருவரை வரவழைக்க வேண்டுமானால் அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-ஆவது பிரிவு எழுத்து மூலமான ஆணையைக் கேட்டது. சந்தேகத்துக்கு உரியவரைக் கைது செய்யாமல் அழைப்பதற்கு அதன் 41ஏ பிரிவின் கீழ் நோட்டீஸ் தர வேண்டியிருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரு வழக்கு இருக்க வேண்டும். எங்களிடம் வழக்கே இல்லை, ஆகவே தாளும் இல்லை. வழக்குப் போடாததைத்தான் நாங்கள் அவருக்குச் செய்த கருணையாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, 2021 டிசம்பரில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு முகநூல் பதிவுக்காகப் போடப்பட்ட வழக்கை ரத்து செய்தது. குடும்பத்தினருடன் சிறுமலைக்குச் சென்ற ஒருவர், அந்தப் படங்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம் என்ற பொருளில் விளையாட்டாக ஒரு வரி எழுதியிருந்தார். வாடிப்பட்டிக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. ரிமாண்ட் செய்ய நடுவர் மறுத்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனின் அந்தத் தீர்ப்பைப் பலரும் சிரிக்கும் கடமை பற்றி அதில் வரும் பகுதிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு காரணத்துக்காக. அந்த மனிதரிடம் ஓர் எஃப்.ஐ.ஆர். எண் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரால் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. எந்த வரி தப்பு என்ற கேள்வியை நீதிபதி ஒருவர் முன் வைத்து, எந்த வரியும் தப்பில்லை என்ற பதிலை வாங்க முடிந்தது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் எடுத்துக்கொள்ளலாம். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகும் நாட்டின் பல இடங்களில் அதன் கீழ் வழக்குகள் தொடர்ந்ததால், 2022 அக்டோபரில் இனி யார் மீதும் அதன் கீழ் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. அந்தத் தவறை யாரோ எண்ணி, எடுத்துக்காட்ட முடிந்ததற்குக் காரணம் அவை பதிவான வழக்குகளாக இருந்ததுதான். தேநீர் கொடுத்து அனுப்பப்பட்டவர்களை யார் எண்ணுவது?

2025 மார்ச் 28 அன்று, ஒரு கவிதைக் காணொளிக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது போடப்பட்ட வழக்கில், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை விதிக்கத்தக்க, பேச்சும் எழுத்தும் தொடர்பான குற்றச்சாட்டுகளில் வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சிதான். சொற்களைக் கோழைகளின் அளவுகோலால் அளக்காமல், நிதானமும் உறுதியும் உள்ளவர்களின் அளவுகோலால் அளக்க வேண்டும் என்ற அதன் கருத்தை 2022-இலேயே படிக்க முடிந்திருந்தால், அந்தக் கட்டத்தில் வேறு சொல்லைப் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தத் தீர்ப்பு காவல் கிடப்பது எஃப்.ஐ.ஆர். என்ற வாசலில். நான் சொல்லும் அறை அந்த வாசலுக்கு வெகு முன்னால் இருக்கிறது. ஒருவருடைய தொலைபேசியை இடைமறித்துக் கேட்க உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும். பொதுவில் எழுதியதைப் படிக்க யாருடைய ஆணையும் வேண்டாம். படிப்பதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். படித்ததைப் பெயருடன் சேர்த்து எழுதி வைப்பதும், அதை வைத்து வாசலுக்கு ஆள் அனுப்புவதும் படிப்பதன் தொடர்ச்சிதானா, அல்லது இடையில் எங்கோ ஒரு கோட்டை நாங்கள் தாண்டினோமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. எங்கள் அறிக்கையின் அந்தப் பகுதி ஆட்சியர் அலுவலகத்துக்கும் போனது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகக்கூடும் என்ற குறிப்புடன் போனதால், இரண்டு மனுக்களுக்கு அசையாத கோப்பு அசைந்து, பத்து நாட்களில் புது மோட்டார் பொருத்தப்பட்டது. என்னுடன் பணியாற்றிய தோழர் ஒருவர் இன்றும் இதைச் சொல்லி என்னைத் தேற்றுவார்: "நீங்க தூண்டல்னு எழுதினதாலதாண்ணே அந்த ஊருக்குத் தண்ணி வந்துச்சு." அது உண்மை. நான் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தால் ஒருவேளை இன்னும் ஒரு மாதம் அந்தப் பெண்கள் குடம் சுமந்திருப்பார்கள். ஆனால் தண்ணீர் வந்ததற்கும் தான் எழுதியதற்கும் தொடர்பு உண்டு என்று அந்த இளைஞருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எழுதினால் அழைப்பு வரும் என்பது மட்டும்தான்.

2023 மார்ச்சில் குரூப் 4 முடிவுகள் வந்தன. அவர் தேர்வானாரா என்று நான் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு எனக்கு ஒரு நிமிடம் போதும். அவருடைய முகநூல் பக்கத்தின் பெயரும் மறக்கவில்லை. ஆனால் அதைத் திறந்தால் திரும்பவும் அதே வேலையைச் செய்தவனாவேன் என்ற எண்ணம் கையைத் தடுத்துவிடுகிறது. இப்போது வேறு பிரிவில் இருக்கிறேன்.

சென்ற மாதம் ஓர் இரவு, அவர் கேட்ட தாளை எழுதிப் பார்த்தேன். அவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர், அழைக்கப்பட்ட நாள், வந்த நேரம், அனுப்பப்பட்ட நேரம் எல்லாவற்றையும் எழுத முடிந்தது. "அழைக்கப்பட்ட காரணம்" என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சாலை மறியலுக்குத் தூண்டியது என்று எழுதலாமா என்றால், அவர் தூண்டவில்லை. தண்ணீர் கேட்டது என்று எழுதலாமா என்றால், அதற்காக ஒருவரை அழைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. வெகு நேரம் கழித்து, அவருடைய கடைசி வரியைச் சுருக்காமல், "போலிருக்கிறது" வரையில், அப்படியே எடுத்து எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தை இன்னும் நிரப்பவில்லை.