100 ஹேர்ட்ஸ்

ஜூன் 4
நான் கட்டும் வால்வு அம்ப்ளிஃபயருக்கான ட்ரான்ஸ்ஃபோமர் இன்னும் சுற்றி முடியவில்லை. மருதானைக்காரர் "நாளைக்கு" என்கிறார். போன கிழமையும் அதே நாளைதான். சும்மா இருக்க முடியாமல் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் கணக்கை மூன்றாம் தரம் போட்டேன். ஈஎல் 84 இரண்டுக்கு 1.52 ஆம்பியர், ஈசிசி 83க்கு 0.3, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வு ஈஸெட் 81 தனியாகவே 1. கூட்டினால் 2.82. 4 ஆம்பியருக்குச் சொல்லியிருக்கிறேன், கொதிக்காமல் கிடக்கட்டும்.

ஜூன் 5
அப்பா சாப்பிடவில்லை.

ஜூன் 7
100ஆம் இலக்க பஸ், கொழும்புப் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் கபாசிட்டர் கேட்டால் 350 வோல்ட்டை நீட்டுகிறார்கள். "இது காணும் தம்பி." எங்கே காணும்? ட்ரான்ஸ்ஃபோமர் சுற்று 250 வோல்ட், உச்சத்துக்கு 1.414ஆல் பெருக்கினாலே 353. நேற்றிரவு வெள்ளவத்தையில் சுவர் மின்சாரம் 230 அல்ல, 238. அப்படியென்றால் 366. வால்வுகள் சூடாகி மின்னை இழுக்கும்வரை அது இறங்காது. நாலாவது கடையில் 450 வோல்ட், 47 மைக்ரோஃபாரட், இரண்டு வாங்கினேன்.

ஜூன் 8
ரெக்டிஃபயருக்கு இன்னும் யோசனை: டயோடா, வால்வா? டயோட் இரண்டும் ஒரு தேத்தண்ணிக் காசு. ஆனால் சுவிட்சைத் தட்டியவுடன் முழு வோல்ட்டும் பாயும். ஈஸெட் 81 தானும் சூடாகித்தான் கொடுக்கும். அதன் எல்லை 150 மில்லி ஆம்பியர், எனக்கு வேண்டியது 110 சொச்சம். முதல் கபாசிட்டர் 50ஐத் தாண்டக்கூடாது, 47 சரி. வால்வுதான். அப்பாவைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

ஜூன் 10
பொசன் போயா, பௌத்தரின் பௌர்ணமி நாள். கடைகள் பூட்டு. இரவெல்லாம் வெளிச்சக்கூடு பார்க்கப் போகும் சனம்.

ஜூன் 13
அப்பா கண்ணைத் திறந்தார். முதல் கேள்வி: "சோக் போட்டனியோ?" தாதி அண்ணாந்து ட்யூப் லைற்றைப் பார்த்தார். அதன் சோக்கும் உம்மென்றுதான் கிடந்தது, அதே 100 ஹேர்ட்ஸ், சுவர் மின்சாரத்தின் 50இன் இரட்டிப்பு.
அப்பா கேட்டது சிற்றலையை, அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை, அமுக்கும் சுருளை. 10 ஹென்றி சோக் அந்த 100க்கு 6,283 ஓம். அதன் பின்னால் வரும் 47 மைக்ரோ வெறும் 34 ஓம். சிற்றலை ஏறக்குறைய 185இல் ஒரு பங்காகிவிடும். "வெறும் ரெசிஸ்டர் போட்டு ஏமாத்தாதை" என்றார். ஏமாற்றத்தான் நினைத்திருந்தேன். சோக் ட்ரான்ஸ்ஃபோமர் அளவு பாரம், விலையும் அப்படித்தான்.

ஜூன் 14
சேலைன் வலக்கையில். இடக்கை போர்வைக்குள். ஹை வோல்ட்டேஜில் கை வைக்கும்போது மற்றக் கை பொக்கற்றுக்குள் இருக்க வேண்டும் என்று அடிக்கிற மாதிரிச் சொல்லித் தந்தவர்.

ஜூன் 17
எல்லாம் வந்துவிட்டது. 60 வாட் பல்ப்பைத் தொடரில் கட்டி, வால்வுகள் இல்லாமல் சுவிட்ச் போட்டேன். பளிச்சிட்டு உடனே மங்கியது. ஷோட் இல்லை. இடக்கை பொக்கற்றில்தான்.

ஜூன் 18
பாடுகிறது. ஆனால் உம்.
ஈசிசி 83ஐக் கழற்றினேன், அப்போதும் உம். அப்புறம் அணைத்து, மீட்டரில் பூச்சியம் பார்த்து, சோக்கைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன். முக்கால்வாசி போய்விட்டது. ட்ரான்ஸ்ஃபோமரோடு ஒரே திசையில் வைத்தது என் பிழை. புது இடத்தில் தட்டில் துளை இல்லை, நாளைக்கு டிரில்.
ஆஸ்பத்திரியில் நாளை காலை 8 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை. டிரில் பிறகு.