கடலில் போனவருக்கு ஒரு தேதி

தாராபுரம் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்குகளில் வம்சாவளி எழுதும்போது, ஒரு கிளையை மட்டும் "கப்பலில் போனவர், திரும்பவில்லை" என்று முடித்துவிடும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது யாருடைய பங்கையும் பாதிப்பதில்லை. ஒரு வழக்கில் பாதித்தது.

"எங்க பெரீப்பன் பினாங்குக் கப்பல்ல போயி முழுகிட்டாருங்க, ஜப்பான் சண்டையில" என்றார் என் கட்சிக்காரர். பெரியப்பா மணமாகாதவர், அவருடைய தாயார் 1961இல்தான் காலமானார். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவில் கூறியதே தவிர, எந்த நாளில் இறந்தார் என்று அது ஊகித்துத் தரவில்லை. அந்த நாளைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பே அவர் இறந்திருந்தால் கூட்டுக் குடும்பத்தில் அவருடைய பங்கு தம்பியோடு நின்றுவிடும். பின்பு என்றால் அது தாயாருக்குப் போய், அவர் வழியாக மகளுக்கும் சேரும். அந்த மகளின் மகள்தான் எதிர்வாதி.

கிழவியைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியது தன் தாய்தான் என்று காட்ட, எதிர்வாதி ஒரு கட்டு மணியார்டர் துண்டுகளைத் தாக்கல் செய்திருந்தார். கம்பியில் கோத்துவைத்ததால் ஒவ்வொன்றின் நடுவிலும் துருப்பிடித்த ஓட்டை. செய்தி எழுதும் இடத்தில் சிலவற்றில் மட்டும் 'குடும்பப் பென்ஷன்' என்பது படிக்கும்படி இருந்தது.

தோட்ட வேலைக்குப் பினாங்கு போன பயணிக்கு யார் பென்ஷன் கொடுப்பார்கள்? கடலில் மறைந்தவரைத் தேடுகிறவர்கள் கப்பலின் பெயரைத் தேடித்தான் காலத்தை வீணாக்குகிறார்கள். அவர் படைவீரரா, கடற்படையினரா, வணிகக் கப்பல் மாலுமியா, பயணியா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் ஒவ்வொரு வகையினரின் காகிதமும் வெவ்வேறு இடத்தில் கிடக்கிறது. பயணிகளுக்குத்தான் மிகக் குறைவு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். கடலில் மறைந்த ராயல் இந்தியக் கடற்படையினர் 400க்கும் மேற்பட்டோரையும், இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் சுமார் 6,000 பேரையும் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகள் நினைவுகூர்கின்றன. ஊரை வைத்துத் தேடும்போது திருப்பூர் மாவட்டம் என்று தேடிப் பயனில்லை; அது 2009இல் உருவானது. அன்று தாராபுரம் மட்டுமல்ல, ஈரோடும் கோயம்புத்தூர் மாவட்டம்தான். பெயரின் ஆங்கில எழுத்துகளோ எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தவை. தகப்பனார் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஆள் அகப்பட்டார்: ராயல் இந்தியக் கடற்படை, 1942. பினாங்கு என்பது குடும்பத்தார் பின்னாளில் சேர்த்துக்கொண்டது போலும்.

அந்தத் தேதியால் வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்தது. ஆனால் என் கட்சிக்காரர், கிணற்றை ஒட்டிய நிலத்தில் ஒரு பகுதியை அத்தை மகளுக்கு விட்டுக்கொடுத்து ராஜி செய்துகொண்டார். சட்டப்படி அவசியமில்லை என்று சொன்னேன், தடுக்கவில்லை. எங்களுக்கு வழிகாட்டிய தாள்களை இத்தனை காலமும் பத்திரப்படுத்தியிருந்தது அந்த வீடுதான்.