விருப்பப் பட்டியலின் முதல் வரி

பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதம் தொடங்கி ஆகஸ்டு வரை, வகுப்பு நேரம் போக மீதி நேரமெல்லாம் மாணவர்களின் கல்லூரிச் சேர்க்கைக்கே போய்விடுகிறது. எங்கள் பகுதியில் பெற்றோர் பலர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்குக் கலந்தாய்வு பற்றிக் கேட்டறிய வீட்டில் ஆள் இல்லை. அதனால் என்னிடம் வருகிறார்கள்.

மதிப்பெண் வந்தவுடன் ஊரார் கேட்பது 600-க்கு எவ்வளவு என்பதுதான். பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் அந்தக் கூட்டுத்தொகை சேர்வதே இல்லை. கணித மதிப்பெண்ணை அப்படியே 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்து, மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 82 பெற்றவருக்கு 88, 38, 41 எனக் கூட்டி 167 வரும். இதைப் பெற்றோருக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப் பிரிவு வேண்டும் என்று வரிசையாக நிரப்பும் விருப்பப் பட்டியலை விளக்குவதற்குத்தான் நாள்கள் ஆகின்றன. மாணவர்கள் அதிகம் இழப்பதும் அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவன், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆனால் அவனுக்கு முந்தைய ஆண்டு சேர்ந்திருந்த ஒருவர், "பர்கூர் உனக்குக் கிடைக்காது, அதை மேலே போட்டால் மற்றதும் கைவிட்டுப் போய்விடும்" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி, நிச்சயம் கிடைக்கும் என்று நினைத்த ஒரு தனியார் கல்லூரியை முதல் வரியிலும் பர்கூரை நான்காம் வரியிலும் நிரப்பிவிட்டான். முதல் வரியே ஒதுக்கீடாக வந்தது. ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியானபோது பார்த்தால், அவன் சாதிப் பிரிவிலேயே அவனுக்குப் பின்னால் தரவரிசையில் இருந்த ஒருவருக்குப் பர்கூர் மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. அவன் அதை மேலே எழுதியிருந்தால் அந்த இடம் அவனுடையது. அன்று மாலை அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

கலந்தாய்வுக் கணினி செய்வது எளிய வேலை. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலை முதல் வரியிலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். பொதுப் பிரிவிலோ அவருடைய இடஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் இருக்கும் முதல் வரியில் நின்று அதை அவருக்குக் கொடுத்துவிடும். மேலே உள்ள வரியில் இடம் இல்லையென்றால் அடுத்த வரிக்கு இறங்குமே தவிர, கிடைக்காத ஒன்றை எழுதியதற்காக யாரையும் பின்னுக்குத் தள்ளாது. எனவே கிடைக்குமா என்ற அச்சத்தைப் பட்டியலின் அடிப்பகுதியில் பாதுகாப்பான கல்லூரிகளைச் சேர்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேற்பகுதி ஆசைக்கு உரியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு அதைவிட மேலான இடத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பு உண்டு என்றாலும், 'மேலான' என்பது பட்டியலில் மேலே எழுதப்பட்டது என்றே பொருள்படும். முதல் வரியே கிடைத்தவருக்கு மேலே வரி ஏது?

இப்போதெல்லாம் என் மாணவர்கள் கணினியைத் தொடும் முன் நோட்டில் மூன்று முறை பட்டியல் எழுதிப் பார்க்கிறார்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருப்பதால் பெயருடன் குறியீட்டு எண்ணையும் எழுதச் சொல்கிறேன். செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியா, சேலத்து அரசு கல்லூரியா என்று அவர்கள் வாதிடுவதைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சி தரும். அந்த வாதத்தில் பேருந்துக் கட்டணமும் விடுதிச் சாப்பாடும் வந்துபோவதில் தவறில்லை.

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. விண்ணப்பத்தைத் தந்தையின் கைப்பேசி எண்ணில் பதிவு செய்துவிடுகிறார்கள். அவரோ பெங்களூரில் சாரத்தின் மீது நின்று பூசிக்கொண்டிருப்பார். ஒதுக்கீட்டை உறுதிசெய்யக் கொடுக்கும் நாள்கள் மிகக் குறைவு. ஓ.டி.பி. வருவது அவர் கைக்கு. அதைப் படித்துச் சொல்ல அவருக்கு மேஸ்திரி அனுமதிக்க வேண்டும். ஆகவே ஊரிலேயே இருக்கும் ஓர் எண்ணைக் கொடுங்கள் என்பதை நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அதே பெங்களூர் இன்னொரு விதத்திலும் குறுக்கே வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பெற்றோருடன் பெங்களூர் சென்று ஆறாம் வகுப்பை அங்கே முடித்துத் திரும்பிய மாணவி ஒருத்தி, அந்த ஓர் ஆண்டால் ஒதுக்கீட்டை இழந்தாள். ஆங்கில வழி என்று ஏழாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படிக்கவைத்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். பதினோரு வயதில் எடுத்த முடிவு பதினேழு வயதில் கட்டணமாக வந்து நிற்கும் என்று அன்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கைகொடுத்தது. குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் பெறவில்லை என்றால் அதைக் கொண்டு கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் கிடைக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கோப்பு நகர்வதற்குள் பதிவுக்குரிய கடைசி நாள் நெருங்கிவிடும். சாதிச் சான்றிதழில் 'மு.' என்றும் மதிப்பெண் சான்றிதழில் 'ம.' என்றும் முன்னெழுத்து மாறியிருந்தால் இன்னும் ஒரு வாரம் போகும்.

கல்லூரிகளின் முகவர்கள் வீடு தேடி வருவதைப் பற்றி எழுதினால் தனிப் பதிவே ஆகும். அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் இடத்தை நிறுத்திவைக்கிறோம் என்பார்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்தும், பிறகு அதைத் திரும்பப் பெறுவதற்காக அலைந்த ஒரு பாட்டியுடன் நானே இரண்டு முறை போயிருக்கிறேன். நகலைக் கொடுங்கள், அசலை டிரங்குப் பெட்டியில் வையுங்கள் என்று சொல்லி வருகிறேன்.

எல்லோரும் பொறியியலுக்குப் போக வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தவர்கள் இன்று எனக்குச் சக ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அந்த விண்ணப்பம் தனி, வேளாண்மைப் பல்கலைக்கழக விண்ணப்பம் தனி. ஒன்றுக்குப் பதிவு செய்தால் மற்றதற்கும் ஆகிவிடும் என்று நினைத்துக் கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இந்த ஜூனில் பிளஸ் டூ தொடங்கியதும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்டது, ஆறாம் வகுப்பை எந்த ஊரில், எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதைத்தான். நாற்பத்திரண்டு பேரில் மூவர் பெங்களூர் என்றார்கள். அவர்களுடைய பெயருக்கு எதிரே 'முதல் பட்டதாரி, செப்டம்பருக்குள்' என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.