ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள்

சமவெளியில் ஒரு பெண் உணவுக் கோளாறு என்ற நோய் வந்து, குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து மெலிந்தால் அக்கம்பக்கம் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அப்படி இல்லை. வருஷம் முழுக்க ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை. விரல் நீலம் பாரித்தால் பனிக்காலம் என்போம். பஸ்ஸில் வாந்தி எடுத்தால் கொண்டை ஊசி வளைவின் மேல் பழி. பசியை அடக்கப் பால் சேர்க்காத டீயை நாளெல்லாம் குடித்தாலும் தேயிலை ஊரில் யார் கேட்பார்கள்?

அதனால் மகள் மேல் சந்தேகம் வந்தால், எல்லாம் ரீல்ஸால்தான் என்று போனைப் பிடுங்கிச் சண்டை போடுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். மாதவிடாய் நின்றிருக்கிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, முடி கொட்டுகிறதா. சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்களுக்குத் தாடையோரம் வீங்கும், முன்பற்களின் உட்பக்கம் தேயும். இவர்கள் மெலிந்திருக்க வேண்டும் என்றே இல்லை. பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

யாரிடம் காட்டுவது என்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மனநல மருத்துவரோடு பொது மருத்துவரும் பார்க்க வேண்டும். இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனை பேக்கேஜில் பாஸ்பேட் பெரும்பாலும் இருக்காது. ரிப்போர்ட் நார்மலாக வந்தால் நோயில்லை என்று அர்த்தமும் இல்லை. எடை பார்க்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றி, பாக்கெட்டைக் காலி செய்யச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துப் பதறும் பெண்ணாக இருந்தால் மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். மருத்துவரைப் பார்க்கக் கோவைக்கு இறங்குகிற நாளில் வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றாதீர்கள்.

வீட்டில் நடக்க வேண்டியது சாப்பாடு. மூன்று வேளை, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஏழரைக்கு இட்லி என்றால் பத்தரைக்குப் பால் டீயும் வர்க்கியும். அந்த வர்க்கி முக்கியம்: நெய்யும் மைதாவும் என்று அவள் பயந்து ஒதுக்கிய பண்டம், தட்டில் மறுபடி சாதாரணமாக உட்கார வேண்டும். முதல் வாரமே வேண்டாம், பழகிய சாப்பாடு ஒழுங்கானபின் கொண்டுவாருங்கள். கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கேரம் ஆடுங்கள், டிவி பாருங்கள். பாத்ரூம் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்க விடாதீர்கள், வாய் கொப்பளித்தால் போதும்.

பலரும் விட்டுவிடுவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில். வயிறு உப்பும், கணுக்கால் வீங்கும். ‘பார்த்தியா, குண்டாயிட்டேன்’ என்று தட்டைத் தள்ளுவாள். பட்டினியில் இரைப்பை மெதுவாக வேலை செய்யப் பழகியிருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் சரியாகும். வீக்கத்தை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவளுக்குப் பாட்டி பாசத்தில் விருந்து வைப்பது. திடீரென்று சாப்பாடு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கும். அவளுக்கு மருத்துவக் கண்காணிப்பில்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

போன் இதற்கெல்லாம் பிறகு. இன்ஸ்டாகிராமால் உடம்பைப் பற்றிய மனக்குறை கூடுகிறது என்று பல பெண்பிள்ளைகள் சொன்னதை அந்த நிறுவனத்தின் உள் ஆய்வே பதிவு செய்திருந்தது, 2021-ல் வெளியே கசிந்தது. ஆனாலும் போனைப் பிடுங்கினால் தோழியின் போனில் பார்ப்பாள். அவளையே உட்காரவைத்து, ‘ஒரு நாள் என்ன சாப்பிடுகிறேன்’ வீடியோக்களையும் எடைக்குறைப்பு ரீல்களையும் ‘ஆர்வமில்லை’ என்று தட்டவையுங்கள். அவற்றைக் கோபத்தோடு நின்று பார்த்தாலும், பார்த்த நேரம் இன்ஸ்டாகிராமின் கணக்கில் ஏறி அதே மாதிரி இன்னும் வரும்.

கடைசியாகச் சொந்தபந்தம். படகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கோ கல்யாணத்துக்கோ போகுமுன் அத்தை, சித்தி எல்லோருக்கும் ஒரு போன் போடுங்கள்: இளைச்சுட்ட, தேறிட்ட, ரெண்டுமே வேண்டாம். படிப்பைப் பற்றிக் கேட்டு வேண்டுமானால் தொல்லை பண்ணட்டும்.