கொல்லிமலையில் ஆறு அறைகள், ஒரு நீர்ச்சக்கரம், எண்ணிச் செலவிடும் மின்சாரம்

கொல்லிமலையின் செம்மேட்டிலிருந்து நான் தங்கவிருந்த விடுதிவரையிலான ஒன்பது கிலோமீட்டர் தொலைவுக்கு 1,400 ரூபாய் வாங்கிய ஜீப் ஓட்டுநர்மீது எனக்கு இன்னமும் கோபம் தணியவில்லை. சென்னையிலிருந்து நாமக்கல் வரை பேருந்துக்கு நான் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை. மலைப்பாதையில் வாடகை கூடுதலாக இருப்பது நியாயம்தான். ஆனால், தங்கப்போகும் இடத்தைச் சொன்னதும் கட்டணத்தை ஏற்றிவிட்டு, இறங்கும்போது பைக்கென்று தனியாக 200 ரூபாய் கேட்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? விடுதிக்காரர்களிடம் முன்கூட்டியே சொன்னால், அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் அதே பாதைக்கு 700 ரூபாய்க்கு வருகிறார். இதை முன்பதிவின்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு குறையை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

நாமக்கல்லிலிருந்து மலையேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஐம்பதுக்குமேல் எண்ணிக்கொண்டிருக்கும் நிலையில் என் வயிறு இல்லை. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு, கடையேழு வள்ளல்களில் ஒருவர் ஆண்ட மலையிலா இப்படி வாடகை கேட்கிறார்கள் என்று நொந்துகொண்டே ஜீப்பில் ஏறினேன்.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால், அந்த விடுதியில் நான் பார்த்த மின்சாரக் கணக்கைச் சொல்லாமல் வேறெதற்கும் கை ஓடவில்லை.

தந்தை, தாய், மகன், மருமகள் ஆகிய நால்வர் நடத்தும் விடுதி அது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஆறு அறைகள் இருக்கின்றன. மின்கம்பம் கீழே ஊரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து விடுதிக்குக் கம்பி இழுக்க வேண்டுமென்றால் இடையில் காட்டு நிலம் வருகிறது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்றாக வேண்டும். அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட நாமே மின்சாரம் தயாரித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெரியவர் முடிவெடுத்திருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், தோட்டத்தில் நான்கு சூரிய விளக்குகளை நட்டுவிட்டு, அறைக்கு இரண்டு ஏசிகளை மாட்டி, "பசுமை விடுதி" என்று பலகை வைப்பவர்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, இங்கே பலகை இல்லாததே முதல் நல்ல அடையாளமாகத் தெரிந்தது.

மாட்டுக் கொட்டகையின் கூரையில் ஐந்து கிலோவாட் சோலார் தகடுகள் இருக்கின்றன. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமாராக நான்கு யூனிட் கிடைக்கும் என்பதால், நல்ல நாளில் இருபது யூனிட் வரும். நான் போனது கார்த்திகை மாதம். காலை பத்து மணிவரை எதிரே இருக்கும் மரம்கூடத் தெரியாத மூடுபனி. அப்படிப்பட்ட நாளில் இருபது என்பது ஆறாகவும் ஏழாகவும் சுருங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டுவது ஓடைதான். மேட்டிலிருந்து ஒரு குழாய் வழியே நொடிக்கு நான்கு லிட்டர் தண்ணீர் இருபத்தைந்து மீட்டர் இறங்கிவந்து, விளிம்பெல்லாம் கிண்ணங்கள் வைத்த ஒரு சிறிய நீர்ச்சக்கரத்தில் (பெல்டன் சக்கரம்) மோதி அதைச் சுழற்றுகிறது. கணக்குப்படி ஒரு கிலோவாட் அளவுக்கு ஆற்றல் இருந்தாலும், குழாயிலும் சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும் பாதி போய்விடுவதால் கைக்குக் கிடைப்பது அரை கிலோவாட். கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆனால், அது இரவிலும் நிற்காமல் ஓடுவதால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் ஆகிவிடுகிறது. சூரியன் முகம் காட்டாத மழை மாதங்களில் ஓடை நிறைந்து ஓடுகிறது. பங்குனி, சித்திரையில் ஓடை நூலாக இளைக்கும்போது வெயில் கொளுத்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைத் திட்டமிட்டு அமைத்தீர்களா என்று மகனிடம் கேட்டேன். "இல்லீங்க அம்மிணி, மொதல்ல தகடு மட்டுந்தான் போட்டோம். ஒரு ஐப்பசி அடமழையில வாரம் பூரா இருட்டுல கெடந்தோம். அப்பறந்தான் ஓடைப் பக்கம் திரும்புனோம்" என்றார்.

தினமும் விடிந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, ஓடை முகப்பில் இருக்கும் வலையில் சேர்ந்த இலைச் சருகை வழித்தெறிவது. ஒரு நாள் தவறினாலும் குழாயில் நீர் குறைந்து, சக்கரம் தள்ளாடத் தொடங்கிவிடும். "இலவச மின்சாரம்" என்று பேசுபவர்கள் அந்தக் குளிர்ந்த நீரில் ஒரு முறை கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய செலவு மின்கலத்தில்தான் இருக்கிறது. முதலில் வாங்கியவை ஈய அமில டியூபுலர் பேட்டரிகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை. கடைசி அரை கிலோமீட்டரைத் தோளில் சுமந்து கடந்திருக்கிறார்கள். அவற்றில் சேமித்ததில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும், மறக்காமல் காய்ச்சி வடித்த நீரும் ஊற்ற வேண்டும். இவ்வளவு பார்த்துக்கொண்டும் ஐந்தாவது ஆண்டில் அவை படுத்துவிட்டனவாம். இப்போது இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை: 48 வோல்ட், 200 ஆம்பியர் மணி, ஏறக்குறைய ஒன்பதரை யூனிட் கொள்ளளவு. ஆறு அறைகளும் சமையற்கட்டும் இரவு முழுவதும் அதையும் நீர்ச்சக்கரத்தையும் நம்பித்தான் இருக்கின்றன. அம்பத்தூரில் எங்கள் வீட்டு ஏசி ஒன்று, மே மாத இரவில் தனியாளாக அவ்வளவையும் விழுங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதையே பெரிதாக எண்ணி, அதற்குமேல் எவ்வளவு ஓடுகிறது என்று பாராதவர்கள் நாங்கள்.

அதனால் அந்த வீட்டில் பகல் பொழுது மிகவும் பரபரப்பாக இருக்கிறது. மாவாட்டுவது, மிக்சி ஓட்டுவது, துணி துவைப்பது, கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏற்றுவது எல்லாம் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையிலேயே நடந்தாக வேண்டும். மேல்தொட்டி நிறைந்துவிட்டால் இரவில் மோட்டார் போட வேண்டியதில்லை. பேட்டரி வாங்காமலேயே வெயிலைச் சேமித்துவைக்கும் வழி அது. பேட்டரி நிறைந்தபின் நீர்ச்சக்கரத்தில் மிஞ்சும் மின்சாரம், வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஒரு கம்பிச்சுருளுக்குத் தானாகவே திரும்பிவிடுகிறது. சக்கரத்துக்குச் சுமை இல்லாமல் போனால் அது கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றிக் கெட்டுவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நமக்குக் குளிக்க வெந்நீராகக் கிடைக்கிறது. காலை ஏழு முதல் ஒன்பது வரைதான் வெந்நீர். ஒன்பதரைக்கு எழுந்து வந்து குறை சொல்பவர்களுக்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

எங்களுடன் தங்கியிருந்த ஒரு சென்னைக் குடும்பம், இரவு எட்டு மணிக்குப் பையிலிருந்து மின்கெட்டிலை எடுத்துச் செருகியது. அடுத்த அறையில் அவர்களுடைய உறவினர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். மலையே இருண்டது போலாகிவிட்டது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஆகும் செலவு பத்தில் ஒரு யூனிட்தான்; சிக்கல் அதில் இல்லை. கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நொடியில் இழுக்கும் இரண்டரை கிலோவாட், மற்ற விளக்குகளோடும் குளிர்பதனப் பெட்டியோடும் சேர்ந்து, மூன்று கேவிஏ இன்வெர்ட்டர் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. பெரியவர் டார்ச் விளக்கோடு வந்து, ஒரு சொல் கடிந்து பேசாமல், "தண்ணி சுட வேணும்னா அடுப்பங்கரைக்குச் சொல்லுங்க சாமி, நாங்க கொண்டாந்து தாறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்வெர்ட்டரை மீண்டும் இயக்கினார். நானாக இருந்தால் கெட்டிலைப் பறிமுதல் செய்திருப்பேன்.

அந்த அடுப்பங்கரையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஒன்று இருக்கிறது. ஐந்து மாடுகள் தரும் ஐம்பது கிலோ சாணத்தை நாள்தோறும் கரைத்து ஊற்றுகிறார்கள். கிடைக்கும் வாயு, முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமான சிலிண்டர் எரிவாயுவுக்கு ஈடு. குளிர்காலத்தில் கலனுக்குள் நுண்ணுயிரிகள் மந்தமாகிவிடுவதால், சோறு மட்டும் வாயுவில் வேகிறது, மற்றவை விறகடுப்பில். குளிர்பதனப் பெட்டி சிறியது என்பதால் இறைச்சியைச் சேமித்துவைப்பதில்லை; காலையில் அறுத்த நாட்டுக்கோழி மதியம் இலைக்கு வந்துவிடுகிறது. தோட்டத்து மிளகை அம்மியில் அரைத்துச் செய்த வறுவல், சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, அதற்கு முன்னால் ஆவி பறக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். அந்தச் சூப்பை மூன்றாம் முறை கேட்டபோது மருமகள் சிரித்துவிட்டார். சென்னையில் இதே சாப்பாட்டுக்கு 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, கோழியை மட்டும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

கட்டணம், மூன்று வேளை உணவும் சேர்த்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 2,200 ரூபாய். முதலில் கேட்டபோது அதிகம் என்றுதான் நினைத்தேன். பிறகு மகன் ஒரு விவரம் சொன்னார்: சனிக்கிழமை ஆறு அறைகளும் நிரம்பும், செவ்வாய்க்கிழமை ஆள் இருக்காது. ஆனால், தகடும் பேட்டரியும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஏற்றபடிதான் வாங்கியாக வேண்டும். ஊருக்குள் இருந்தால் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் ஏற்றிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியமும் கிடைக்கும். அந்த மானியம் மின்கம்பி இணைப்புள்ள வீடுகளுக்கு மட்டுமே என்பதால், கம்பியே எட்டாத இவர்களுக்கு அதில் பைசா இல்லை. வேலைநாட்களில் போனால் 500 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் விடுப்பு கிடைப்பவர்கள் அப்போதே போவது, இரு தரப்புக்கும் நல்லது.

குளிருக்குக் கம்பளி, ஒரு டார்ச் விளக்கு, பகலிலேயே மின்னேற்றிவைத்த பவர் பேங்க் ஆகிய மூன்றும் போதும். கைப்பேசிக்குச் சமிக்ஞை மாட்டுக் கொட்டகை வாசலில் மட்டும்தான் கிடைக்கும். முடியுலர்த்தியும் கெட்டிலும் இல்லாமல் வார இறுதியைக் கழிக்க முடியாதவர்கள் ஏற்காட்டுக்கே போகலாம். அங்கே நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன.