காதுக்கு போன், கைக்கு நோட்டு

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பலர் போனில் ஏற்கெனவே ஏதாவது ஒரு ஆப்பில் தினமும் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் "அடுத்த வாரம் எதைப் படிக்கப் போகிறீர்கள், ஏன்?" என்று கேட்டால் பதில் வராது. அதை ஆப்தான் முடிவு செய்கிறது. புத்தகத்தை மட்டும் நம்பிப் படிப்பவர்களும் அப்படித்தான். பத்தாம் பாடம் முடிந்தால் பதினொன்று.

மொழிக் கல்வியில் தன்னாட்சி பற்றிப் பேசும்போது மொழிக் கல்வி ஆய்வாளர் ஹென்றி ஹோலெக் 1981-இல் எழுதியதைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். தன் கற்றலின் பொறுப்பைத் தானே ஏற்கும் திறன் என்றார் அவர். எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, தேறியதா என்று பார்ப்பது, மூன்றும் அந்தப் பொறுப்பில் சேர்ந்தவை. ஆப், புத்தகம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் மட்டும் இந்தத் திறன் வராது. எந்த வேலையை எதில் செய்கிறோம் என்பது முக்கியம்.

நான் அதிகம் நம்பும் பயிற்சி மிகப் பழையது: கேட்டு எழுதுவது. எழுத்து வடிவமும் கிடைக்கிற ஒரு ஒலிப்பதிவில் ஒரே ஒரு நிமிடம் போதும். எழுத்து வடிவத்தை மூடி வைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டி, வேண்டிய தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பேனாவால் எழுத வேண்டும். வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளலாம். எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்பிட்டு, விட்டதையெல்லாம் சிவப்பில் சேர்க்க வேண்டும்.

போனிலேயே டைப் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. நீங்கள் பாதி எழுதும் முன்பே கீபோர்டு மீதியை ஊகித்து நிரப்பிவிடும், பிழையைத் திருத்தியும் விடும். நாம் தேடுவதே அந்தப் பிழையைத்தானே!

ஒரு மாணவியின் பக்கம் நன்றாக நினைவிருக்கிறது. பெரிய பெரிய சொற்கள் எல்லாம் சரி. சிவப்பு விழுந்ததெல்லாம் 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' போன்ற பொடிச் சொற்களில். 'ஷுட் ஹேவ் டோல்ட்' என்பதை 'ஷுட் டோல்ட்' என்று எழுதியிருந்தார். இலக்கணத் தேர்வில் இந்தப் பிழையைச் செய்யவே மாட்டார். ஆனால் பேச்சில் அந்த 'ஹேவ்' தேய்ந்து 'ஷுடவ்' என்றுதான் ஒலிக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத சொற்கள் இப்படித் தேய்வது இயல்பு; எழுத்தின் வழியாகவே ஆங்கிலம் படித்தவர்களின் காதுக்கு அது பழக்கமில்லை. பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "மேடம், எனக்கு வார்த்தை பத்தலைன்னு நினைச்சேன். காதுதான் பிரச்சினை," என்றார். சொற்பட்டியலை ஒதுக்கிவிட்டு, அடுத்த வாரம் முழுக்க இந்தத் தேய்ந்த ஒலிகளைத்தான் கேட்கப் போவதாக அவரே முடிவு செய்தார். எந்த மதிப்பெண்ணைவிடவும் அந்த முடிவுதான் எனக்குப் பெரிது.

சொற்களுக்கும் இதே வரிசைதான்: முதலில் கை, பிறகு போன். ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறையில், ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய சிறு அட்டைகளை ஐந்து அறைகள் கொண்ட ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின்னறைகளை எடுத்துப் பார்ப்பதற்கு இடைவெளி அதிகம். 2006-இல் வந்த அங்கி என்ற மென்பொருளும் இடைவெளி விட்டு மீளப் படிக்கும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது, கணக்கை மட்டும் அதுவே போட்டுக்கொள்கிறது. சில வாரம் அட்டையைக் கையால் நகர்த்தியவருக்கு ஒரு சொல் ஏன் இன்று திரும்பி வந்தது என்று புரியும். அதன்பின் போனுக்கு மாறட்டும், ஆயிரக்கணக்கான அட்டைகளைப் பெட்டியில் வைத்து மேய்க்க முடியாது. ஆனால் அட்டையில் எந்தச் சொல் ஏற வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறர் தயாரித்த அட்டைத் தொகுப்பைத் தரவிறக்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

பேச்சுக்குப் போனின் ரெக்கார்டர் போதும். கேட்டு எழுதிய அதே நிமிடத்தைத் தன் குரலில் பதிவு செய்து, மூலத்தையும் அதையும் மாற்றி மாற்றிக் கேட்டு, வித்தியாசத்தை அதே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்வேன். அந்தக் குறிப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த வாரத்துக்கான வேலை தயார்.