சீல் இல்லாத லெட்டரும் மாஸ் மீடியா ப்ராஜெக்ட்டும்

ஒருவழியா ப்ராக்டிகல் முடிஞ்சு ஃபைல ஒப்படைச்சாச்சு. ப்ளஸ் ஒன்ல மாஸ் மீடியா எடுக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்க தம்பி தங்கச்சிங்களுக்காகத்தான் இத எழுதுதேன். பாடம் நல்ல பாடம், அதுல குறையே இல்ல, சுத்தி இருக்கவங்களுக்கு அது என்ன எழவுன்னு தெரியாததுதான் பிரச்சன.

அட்மிஷன் அன்னிக்கே ஆரம்பிச்சிட்டு. ஆபீஸ்ல இருந்த சார், "அப்படி ஒரு சப்ஜெக்ட்டே கிடையாதுப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுக்கோ"ன்னு பேனாவ எடுத்துட்டாரு. பாடம் நடத்த மிஸ் வந்து சேந்தாச்சு, ஆபீஸுக்கு மட்டும் சேதி போவல. எங்கப்பா செல்லுல சிபிஎஸ்இ ஸ்கில் சப்ஜெக்ட் லிஸ்ட்ட எடுத்து 835ங்கிற மாஸ் மீடியா பாட நம்பர மூக்குக்கு நேரா நீட்டுன பெறகுதான் கண்ணாடியவே மாட்டுனாரு. எட்டயபுரத்து பாரதி 1906லயே 'இந்தியா' பத்திரிகை நடத்துனவரு, தினமணிக்கு மொத ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தென்காசிக்காரரு, இத்தன பத்திரிகைக்காரங்கள குடுத்த பக்கத்துல பத்திரிகைப் பாடம் இருக்கான்னு கேட்டா முழிக்காவ. நீங்க போகும்போது அந்த லிஸ்ட்ட ப்ரிண்ட் எடுத்துட்டே போயிருங்க. புக்கு கடையில தேடி அலையாதீங்க, சிபிஎஸ்இ சைட்டுலயே ஹேண்ட்புக் பிடிஎஃப் கெடக்கு.

நியூஸ் எழுதுறது, லேஅவுட், ரேடியோ ஸ்கிரிப்ட் எல்லாம் ஈஸியா போயிட்டு. மாட்டுனது டாக்குமெண்டரிலதான்.

2023 டிசம்பர் 17, 18ல எங்க திருநெல்வேலில வந்த தாமிரபரணி வெள்ளத்தப் பத்தி பண்ணலாம்னு எங்க டீம்ல முடிவு பண்ணி ஆத்தோரத்துல இருக்க சிந்துபூந்துறைல ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனோம். சுவர்ல காலண்டர் ஆணிக்குக் கீழ உள்ளங்கைய வச்சு "இங்கன நின்னுது தண்ணி"ன்னாவ. மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கு, அப்பவும் பழுப்பா ஒரு கோடு தெரியுது, அத மட்டும் க்ளோஸ்அப்ல எடுத்தோம், படத்துலயே நல்ல ஷாட் அதான். சும்மா இருக்காம ஆச்சி "92ல இதவிட மேல வந்துதுல்லா"ன்னும் சொல்லிட்டாவ. எதுத்த டீக்கடை அண்ணாச்சிட்ட கேட்டா, "92லயா? யாரு சொன்னா? அப்ப தெருவுக்குள்ளயே ஏறலய்யா, நான் இங்கனதான இருந்தேன்"ங்காவ. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை.

மிஸ் கறாரா சொல்லிட்டாவ, 1992 நவம்பர் பேப்பரப் பாத்து சரிபாருங்க, இல்லன்னா அந்தப் பகுதிய வெட்டுங்கன்னு. சரின்னு ஒரு நூலகத்துக்குப் போனோம், பேரு வேண்டாம். கவுண்டர்ல இருந்தவரு தலையவே தூக்கல, "ஸ்கூல் லெட்டர் வேணும்"னாரு. கொண்டு போனோம். "யாருக்குன்னு போடலியே, பொத்தாம்பொதுவா இருக்கு"ன்னாரு. மாத்திக் கொண்டு போனோம். பிரின்சிபால் கையெழுத்து கெடக்கு, கீழ சீல் இல்லையாம்! இத மொத நாளே மொத்தமா சொல்லித் தொலைச்சா என்னவே? சீல் பிரின்சிபால் பீரோக்குள்ள, சாவி அவங்க கையில, அவங்க மீட்டிங்குக்கு சென்னைக்குப் போயிட்டாவ. எங்களுக்கு ரெண்டு பஸ் மாறி வரணும், வெயிலு வேற மண்டையப் பொளக்கு.

கடைசியா சீலோட போயி பழைய பேப்பர் பண்டில வாங்கிப் பிரிச்சா, நவம்பர் மொத வாரம் இருக்கு, அடுத்தது நேரா டிசம்பர். நடுவுல உள்ளத காணோம். கேட்டா, "பைண்டிங்குக்குப் போயிருக்கும்"னு காத்தாடியப் பாத்துச் சொல்லுதாரு. இந்த இல்லாத பேப்பருக்குத்தான் அத்தன அலைச்சல். அதனால எந்த நூலகமா இருந்தாலும் மொதல்ல அந்த மாச பண்டில் இருக்கான்னு மட்டும் கேட்டு உறுதி பண்ணிட்டு அப்புறம் லெட்டர் எழுதுங்க. லெட்டர்ல பதவி பேரு, தேதி, எந்த வருஷம் எந்த மாசம், கையெழுத்து, சீல், இவ்வளவும் இருக்கணும், ஒரு ஜெராக்ஸ் உங்க கையில வச்சுக்கோங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்லுதேன்.

வாய்ஸ்ஓவர்ல, 92 வெள்ளம் எவ்வளவு ஏறுச்சுங்கிறதுல தெருக்காரங்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருக்கு, எங்களால சரிபாக்க முடியலன்னு சேத்து ரெண்டு பேர் பேசுனதையும் அடுத்தடுத்து வச்சிட்டோம்.

சவுண்டப் பத்தி ஒண்ணு. படம் கொஞ்சம் ஆடுனா யாரும் எந்திரிச்சுப் போவ மாட்டாங்க, சத்தம் கேக்கலன்னா போயிருவாங்க. காலர் மைக்க சேலை மடிப்புல குத்தாதீங்க, சரசரன்னு அது மட்டும்தான் கேக்கும். ரெக்கார்ட் ஓடும்போதே ஹெட்போன்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கணும். பேட்டி முடிஞ்சதும் எல்லாரும் வாய மூடிட்டு அர நிமிஷம் அந்த ரூம் சத்தத்த சும்மா எடுத்து வைங்க, எடிட்ல வெட்டுன எடத்த ஒட்ட அதான் உதவும். ஆத்தங்கரைல காத்து அடிக்கும்போது பேட்டியே எடுக்காதீங்க, குறுக்குத்துறை பக்கம் எடுத்தது எங்களுக்கு ஒரு வரி கூட தேறல.

ஸ்கூல் லேப் சிஸ்டத்த மட்டும் நம்பாதீங்க. ஹெச் 265ங்கிற வீடியோ ஃபார்மட்ல எக்ஸ்போர்ட் பண்ணுன ஃபைலு அங்க ஓடல, ஹெச் 264 எம்பி4ஆ மாத்துன பெறகுதான் ஓடுச்சு. பென்டிரைவ் ஃபேட் 32ங்கிற பழைய ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைலு ஏறவே ஏறாது, இடம் காலியா இருந்தாலும் சொல்லுதேன். எடிட் பண்ண கைன்மாஸ்டர் ஆப் இலவசத்துல எடுத்தா படத்து மேல அவங்க பேரு வாட்டர்மார்க்கா விழும், டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் ஓசிதான், ஆனா பழைய சிஸ்டம்னா தொங்கும்.

வைவாக்கு, அதான் வாய்மொழித் தேர்வுக்கு, வந்த மேடம் படத்தப் பாத்துட்டு கேட்ட மொத கேள்வியே "1992 பத்தி ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்லுதாங்களே, நீங்க எதுவும் செக் பண்ணலியா?"ங்கிறதுதான். உள்ளுக்குள்ள எனக்கு ஒரே குஷி. ஃபைல்ல இருந்து சீல் வச்ச லெட்டர் ஜெராக்ஸ எடுத்து வச்சேன், பண்டில் இல்லாத கதையையும் சொன்னேன். அவங்க சிரிச்சிட்டு, "இதையே படத்துல வச்சிருக்கலாமேப்பா"ன்னாவ.

லெட்டர் மாடல் யாருக்காவது வேணும்னா கேளுங்க, அனுப்புதேன். சீலுக்கு நீங்கதான் அலையணும்.